மூடியில் துளை போட்ட பாட்டில்

பக்கத்து மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த பதினான்கு மாதமும் எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஜன்னலைச் சாத்தும் கட்சி நான். திறக்கும் கட்சி அம்மா. காலையில் எழுந்ததும் அந்தப் பக்கத்து ஜன்னல்களைத் தாழிட்டு, கீழ் இடுக்கில் பழைய துண்டை ஈரமாக்கித் திணித்துவிட்டுத்தான் நான் வேலைக்கு உட்காருவேன். பத்து மணிக்குள் துண்டு தரையில் கிடக்கும். ஜன்னல் அகலத் திறந்திருக்கும். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே பார்த்தபடி இருப்பாள். எந்தக் கொத்தனார் சாந்தை அதிகமாகச் சிந்துகிறார், எந்தச் சித்தாள் இன்றைக்கு வரவில்லை, நேற்று போட்ட கான்கிரீட் தளத்துக்குத் தண்ணீர் கட்டினார்களா இல்லையா, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "தூசி வருதும்மா" என்றால், "கட்டடம் கட்டினா தூசி வராம பூவா வரும்?" என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

எனக்கோ அந்த மாதங்களில் விரலே வேறு மாதிரி ஆகிவிட்டது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் அலமாரி விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பேன். துடைத்த துணியின் நிறத்தை வைத்தே வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அஸ்திவாரம் தோண்டியபோது மண் நிறம். தூண்கள் எழுந்தபோது சாம்பல் நிறம். மின்குழாய் பதிக்கச் சுவரில் காடி வெட்டியபோது செங்கல் சிவப்பு. டைல்ஸ் அறுத்தபோது வெள்ளை. கடைசியில் சுவருக்குப் பட்டி அடித்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்களே, அப்போது வந்தது வெள்ளையிலும் வெள்ளை, முகப்பவுடர் போல. சாம்பல் மாதங்களில் இரவுப் பனி பட்டால் போதும், ஜன்னல் கண்ணாடியில் படிந்த சிமென்ட் அப்படியே இறுகிவிடும். நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, இது என் கண்ணாடியா அவர்கள் சுவரா என்று நானே கேட்டுக்கொண்டதுண்டு.

இப்போது கட்டடம் முடிந்து ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள். மாடியில் செடி வைத்திருக்கிறார்கள். தூசிக் கோபமெல்லாம் எனக்கு எப்போதோ ஆறிவிட்டது. ஆறாமல் இருப்பது இன்னொன்று. அத்தனை மாதம் போராடி நாங்கள் கேட்டு வாங்கியது என்ன, கேட்டிருக்க வேண்டியது என்ன என்ற கணக்கு. கேட்டிருக்க வேண்டியதை ஒரு நாள் கண்ணால் பார்த்தேன். பார்த்தும், அது எதைக் காட்டியது என்று அன்றைக்கு உறைக்கவில்லை.

வலை கேட்டோம், வலை வந்தது

தெருவில் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து மூன்றாவது மாதம் போய்ப் பேசினோம். என்ன வேண்டும் என்று என்ஜினியர் கேட்டார். எங்களுக்குத் தெரிந்த ஒரே பதில், "பச்சை வலை கட்டுங்க." ஒரு வாரத்தில் கட்டினார்கள். சாரத்தின் உச்சியிலிருந்து தரை வரை பச்சைச் சுவர் போல வலை இறங்கியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டோம். வெற்றி என்றுதான் நினைத்தோம்.

வலை உபயோகமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மேலிருந்து விழும் கல்லையும் சாந்துக் கட்டியையும் அது பிடிக்கும், காற்றின் வேகத்தைக் கொஞ்சம் உடைக்கும். ஆனால் தூசி விஷயத்தில் அது கண்ணுக்குச் செய்யும் சமாதானம். அந்த வலையின் கண் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எம். 10 என்கிறார்களே, அதாவது 10 மைக்ரான் குறுக்களவுக்கு உட்பட்ட துகள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதில் நூறு துகள்கள் தோளோடு தோள் உரசி வரிசையாக நின்றால்தான் அந்த ஒரு கண்ணை அடைக்க முடியும். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் அடி ஆழம் வரை போகும் 2.5 மைக்ரான் துகளுக்கு அந்த வலை திறந்த மைதானம். போதாக்குறைக்கு, வலையில் ஒட்டிய கனத்த தூசி பகலெல்லாம் அங்கேயே சேர்ந்து, மாலையில் காற்று எழும்பும்போது மொத்தமாக உதறிக் கொட்டும். எங்கள் தெருவில் ஆறு மணித் தூசி என்ற புதிய வகை அப்படித்தான் பிறந்தது.

ஐந்தாவது மாதம் மறுபடி போனோம். இந்த முறை தண்ணீர் தெளிக்கச் சொன்னோம். பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து மனை முழுக்க ஊற்றினார்கள். வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்பதால், அடிக்கடி தெளிக்காமல் ஒரேயடியாக ஊற்றிச் சேறாக்கிவிட்டார்கள். அந்தச் சேற்றில் லாரி இறங்கி, டயர் நிறைய அப்பிக்கொண்டு தெருவுக்கு ஏறியது. தெருக்கோடி வரை இரண்டு பழுப்புக் கோடுகள். மறுநாள் அது காய்ந்தது. அதற்கு மேல் போன ஒவ்வொரு வண்டியும் அதை அரைத்து மாவாக்கிக் கிளப்பியது. அதுவரை மனையை ஒட்டிய வீடுகளுக்கு மட்டும் இருந்த தொல்லை, எங்கள் புண்ணியத்தில் தெரு முழுவதற்கும் ஆனது. கட்டுமானத் தூசியைப் பற்றி எழுதப்பட்ட பிரிட்டன் வழிகாட்டிகளை ரொம்பப் பிற்பாடு படித்தேன். அவை வேலையை இடிப்பது, மண் வேலை, கட்டுவது என்று பிரித்துவிட்டு, நான்காவதாகச் சக்கரத்தில் ஒட்டி வெளியே போகும் மண்ணைத் தனி இனமாகவே வைத்திருக்கின்றன. வாசலிலேயே சக்கரத்தைக் கழுவி அனுப்பாவிட்டால் அது சில நூறு மீட்டர் வரை போகும். நாங்கள் அந்த நான்காவது இனத்தை எங்கள் கையாலேயே உண்டாக்கியிருந்தோம்.

மீட்டரோடு போன நாள்

அடுத்த தோல்வி முழுக்க என்னுடையது. கையில் ஆதாரம் இல்லாமல் பேசினால் எடுபடாது என்று நினைத்து, காற்றின் தரம் பார்க்கும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும். உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும், அதன் குறுக்கே லேசர் ஒளி பாயும், துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்து எண்ணைக் காட்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அளவுகளை மனப்பாடம் செய்துகொண்டேன். ஒரு நாள் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 என்றால் 15 மைக்ரோகிராம், பி.எம். 10 என்றால் 45. ஜல்லி இறக்கிக்கொண்டிருந்த ஒரு மதிய நேரமாகப் பார்த்து மீட்டரை நீட்டிக்கொண்டு மனைக்குள் போனேன். எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாத அளவுக்குப் புழுதி. பி.எம். 10-க்கு மீட்டர் 19 என்றது.

என்ஜினியர் எட்டிப் பார்த்தார். "சார், உங்க மெஷினே காத்து நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுதே" என்றார். அவர் கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் வலித்தது. நான் மீட்டரை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தேன். 18 ஆனது.

அந்த வகை மீட்டர்கள் புகையைப் பிடிப்பதில் கெட்டி. சமையலறையில் எண்ணெய் புகைந்தால் என் மீட்டர் நொடியில் நூறைத் தாண்டும். ஆனால் கட்டுமானத் தூசியில் எடை அதிகம் இருப்பது பருமனான துகள்களில். அவற்றை அந்தக் குட்டி விசிறியால் வளைத்து உள்ளே இழுக்க முடியாது. பாதி வழியிலேயே விழுந்துவிடும். திரையில் பி.எம். 10 என்று தெரியும் எண் பெரும்பாலும், சிறு துகள்களை எண்ணிவிட்டுப் பெரியவை இவ்வளவு இருக்கலாம் என்று ஊகித்துப் போடுவது. போதாததற்கு ஈரப்பதம் ஏறினால் நீர்த்துளியையும் தூசி என்று எண்ணிக்கொள்ளும். மழைச்சாரல் அடித்த ஒரு காலையில் அது 90 காட்டியது. அன்றைக்கு மனையில் வேலையே நடக்கவில்லை.

இதைவிடப் பழைய அளவுமுறை ஒன்று இருக்கிறது. வாய் அகன்ற பாத்திரத்தைத் திறந்த வெளியில் ஒரு மாதம் வைத்து, விழுந்ததை எடை போடுவது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் படிந்தால் மக்கள் புகார் சொல்லத் தொடங்குவார்கள் என்பது பிரிட்டனில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. ஜெர்மனியின் காற்றுத் தூய்மை விதிகளில் அது 350. கேட்க அற்பமாக இருக்கிறது, ஆனால் 200 மில்லிகிராமை 30 நாளால் பெருக்கினால் ஆறு கிராம். ஒரு மேசை மேல் மாதம் ஒரு தேக்கரண்டி சிமென்ட்டைச் சீராகத் தூவிப் பாருங்கள், புரியும். ஆக என் விரல் அப்படியொன்றும் மோசமான கருவி இல்லை. தொல்லை எவ்வளவு என்று அது சரியாகவே சொன்னது. கெடுதல் எவ்வளவு என்பதை விரலும் சொல்லாது, மீட்டரும் சொல்லவில்லை.

ஏனென்றால் விரலில் ஒட்டுவது விழுந்துவிட்ட தூசி. விழாதது வேறு. காற்றே அசையாத ஓர் அறையில் 2 மீட்டர் உயரத்திலிருந்து மணல் தூளை விடுவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 மைக்ரான் துகள் நான்கு வினாடியில் தரையைத் தொட்டுவிடும். 10 மைக்ரானுக்கு நான்கு நிமிடம். இரண்டரை மைக்ரானுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு மைக்ரானுக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம். மின்விசிறி சுற்றுகிற, ஆள் நடமாடுகிற வீட்டில் அது என்றைக்கு இறங்குவது? காலையில் நான் வெறும் துடைப்பத்தால் பரபரவென்று பெருக்குவேன். நேற்று இறங்கியது இன்றைக்கு மறுபடி ஏறும். "அவங்க தூசியில எனக்குத் தும்மல் வரல, நீ பெருக்குறதுலதான் வருது" என்று அம்மா ஒருநாள் சொன்னபோது கோபம் வந்தது. அன்றிலிருந்து ஈரத்துணிதான்.

அரை லிட்டர்

பதினோராவது மாதம் டைல்ஸ் வேலை தொடங்கியது. இரண்டாம் மாடிப் பால்கனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு இளைஞர் கட்டிங் மெஷினால் டைல்ஸ் அறுப்பார். பிளேடு டைல்ஸைத் தொட்டதும் ஒரு கீச்சல், உடனே அவரைச் சுற்றி வெள்ளை மேகம். ஆள் மறைந்து, கீச்சல் நின்றதும் மெல்ல மெல்லத் தெரிவார். வாயில் கைக்குட்டை. புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளை. நான் துண்டைத் திணித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் பதினொரு மணி இருக்கும். "இங்க வந்து பாரேன், புகையைக் காணோம்" என்று அம்மா கூப்பிட்டாள். கீச்சல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. எட்டிப் பார்த்தேன். இளைஞருக்கு எதிரே ஒரு பையன் உட்கார்ந்து, பழைய தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தான். பாட்டில் மூடியில் ஆணியால் போட்ட துளை. அதிலிருந்து நூல் போல ஒரு தாரை, பிளேடு டைல்ஸைத் தொடும் இடத்தில் சரியாக விழுந்தது. மேகம் இல்லை. டைல்ஸ் விளிம்பிலிருந்து பால் போல ஒரு குழம்பு வழிந்து தரையில் ஓடியது, அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு டைல்ஸ் அறுக்கும் வரை நானும் அம்மாவும் ஜன்னலில் நின்றோம். அத்தனை மாதத்தில் நாங்கள் ஒரே ஜன்னலில் நின்றது அன்றைக்குத்தான். மதியத்துக்கு மேல் அந்தப் பையனை மணல் தூக்க அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. மறுபடி மேகம்.

நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். ஒரு வாரம் கழித்துத்தான், அதுவும் வாசலில் தற்செயலாக அவரைப் பார்த்தபோது கேட்டேன், "தம்பி, அன்னிக்குத் தண்ணி ஊத்தி அறுத்தீங்களே, ஏன் விட்டுட்டீங்க?"

அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்றுகூட எனக்குத் தோன்றியிருக்காது. "தண்ணி ஊத்த ஓர் ஆள் தனியா வேணும் சார், அன்னிக்கு ஒரு பையன் சும்மா இருந்தான்." தண்ணீர் பட்டால் பென்சிலால் போட்ட அளவுக்கோடு அழிந்துபோகும். குழம்பை உடனே வழித்தெடுக்காவிட்டால் பதித்த தளத்தில் இறுகிவிடும், வழுக்கவும் செய்யும். தண்ணீர்க் குழாய் கீழ்த்தளத்தோடு சரி, மேலே வேண்டுமென்றால் வாளியில் தூக்க வேண்டும். கடைசியாக, "கையில கரண்ட் மெஷின், கால்ல தண்ணி, பயமா இருக்காதா சார்?" அவர் பயம் நியாயமானது. உலர்வாக அறுக்கச் செய்த கை மெஷினில் தண்ணீர் விடுவது ஆபத்து. அதற்கென்றே நீர்க்குழாய் பொருத்திய மெஷின் இருக்கிறது. கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் கூடவே வேண்டும். நேர்க்கோட்டு வெட்டுக்கு மின்சாரமே வேண்டாம், கீறி அழுத்தி உடைக்கும் கைக் கட்டர் போதும், தூசியும் கிட்டத்தட்ட இல்லை. "அது என்கிட்ட இருக்கு சார், ஆனா சின்னது. இந்த டைல்ஸ் நீளத்துக்கு எட்டாது" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் ராத்திரி உட்கார்ந்து படித்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. பிளேடு படும் இடத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் விட்டால் போதும் என்கின்றன தொழிலகப் பாதுகாப்புக் கையேடுகள். அவர் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தாலும் மெஷின் ஓடும் நேரம் மொத்தமாக ஒரு மணிதான் இருக்கும். முப்பது லிட்டர். மூன்று வாளி. நாங்கள் சண்டை போட்டு மனையில் ஊற்ற வைத்த பீப்பாய்களில் ஒன்று, பல நாள் அறுப்புக்கு வந்திருக்கும். தூசி பிறக்கும் இடம் ஒரு சாண் அகலம்கூட இல்லை. அங்கே பிடிக்காமல், பரவிப்போன பிறகு நான்கு மாடி உயரத்துக்கு வலை கட்டி மறிக்கப் பார்த்திருக்கிறோம். வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு வேலிதான் தெரிகிறது, வேலியில்தான் எதையாவது மாட்டச் சொல்கிறான்.

அந்த வெள்ளை மேகத்தில் இருப்பது என்ன என்பதையும் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். கான்கிரீட்டிலும் சாந்திலும் படிக சிலிக்கா 25 முதல் 70 சதவீதம் வரை இருக்கலாம், செங்கல்லில் 30 வரை, டைல்ஸில் 30 முதல் 45 வரை. சலவைக்கல்லில் இரண்டு சதவீதம்தான். மணலாகக் கிடக்கும்வரை அதனால் பெரிய கேடில்லை. அறுத்து, அரைத்து, நுரையீரலின் காற்றுப் பைகளுக்குள் நுழையும் அளவுக்குப் பொடியாக்கும்போதுதான் வினை. அதிலும் அப்போதே உடைந்த துகளின் முகம் பழைய துகளைவிட அதிகம் தாக்கும். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 1997-ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. அமெரிக்காவில் 2016-ல் கொண்டுவந்த விதிப்படி, எட்டு மணி நேர வேலையில் ஒரு தொழிலாளி சுவாசிக்கும் காற்றில் அது கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அந்த இளைஞர் வாயில் கட்டியிருந்த கைக்குட்டைக்கு அந்தத் துகள் தெரியவே தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து வீட்டில் டைல்ஸ் அறுத்ததால் எனக்கோ அம்மாவுக்கோ சிலிக்கோசிஸ், அதாவது சிலிக்கா தூசியால் நுரையீரலில் தழும்பு விழும் நோய், வரும் என்று யாராவது பயம் காட்டினால் நம்பாதீர்கள். அது ஆண்டுக்கணக்கில் கல்லையும் கான்கிரீட்டையும் முகத்துக்கு நேரே அறுப்பவர்களின் நோய். வேலியைத் தாண்டி வரும்போது மேகம் எவ்வளவோ கலைந்துவிடுகிறது. ஆஸ்துமாக்காரர்களையும் குழந்தைகளையும் இருமவைக்க அந்த மிச்சம் போதும் என்பது வேறு விஷயம். எங்கள் புகார் மனுக்களில் "பொதுமக்களின் உடல்நலம்" என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தோம். ஐந்து கையெழுத்துகள். மேகத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்தவர் அந்தப் பொதுமக்களில் இல்லை.

இவர் சொன்ன காரணங்கள் புதியவையும் அல்ல. 1930-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். பாறை கிட்டத்தட்ட சுத்த சிலிக்கா. நனைத்துத் துளைத்தால் தூசி அடங்கும் என்பது அப்போதே தெரிந்த சங்கதிதான். வேலை தாமதமாகும் என்று உலர்வாகவே துளைத்தார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில். பெரும்பாலும் பிழைப்புத் தேடி வந்திருந்த கறுப்பினத் தொழிலாளர்கள். அங்கேயும் பேச்சு இதே தண்ணீரைப் பற்றித்தான், இதே நேரக்கணக்கைப் பற்றித்தான்.

டைல்ஸ் வேலை முடியும்வரை மூன்று வாளித் தண்ணீரை எங்கள் மாடிக் குழாயிலிருந்தே அந்தப் பால்கனிக்கு ஒரு ரப்பர் குழாயில் விட்டிருக்கலாம். தூரம் பன்னிரண்டு அடி. யோசனை தோன்றியபோது பட்டி தேய்க்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த இளைஞர் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

போன வாரம் எதிர்ச்சாரியில் காலி மனையில் முளை அடித்து நூல் கட்டியிருக்கிறார்கள். அம்மா நாற்காலியை வாசல் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றிவிட்டாள். நான் நேற்று காலை போனேன். வேறு என்ஜினியர், வயது குறைவு. நான் கேட்டைத் திறந்து உள்ளே வருவதைப் பார்த்ததுமே, "பச்சை வலைதானே சார்? தளம் ஏறினதும் கட்டிடுவோம்" என்றார்.

"வலை கட்டுங்க" என்றேன். "தண்ணிக் குழாய் எத்தனாவது மாடி வரைக்கும் ஏத்தப் போறீங்க?"

"எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். உட்கார ஏதாவது இருக்கிறதா என்று நான் சுற்றிப் பார்த்தேன். சிமென்ட் மூட்டைதான் இருந்தது.